ஒன்பதாம் பாரம்

அன்றைக்கு பைண்டிங் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். மடிப்பு மேஜையில் நான், ஜெயசீலி, அம்சவேணி, சுகந்தி. கட்டிங் மிஷினில் கோதண்டம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓனர் இதாயத் பாய். சாயங்காலம் எதிர்ச் சுவரோரம் வந்து நின்ற லோகுவையும் சேர்த்தால் ஏழு. அவனைச் சேர்க்கத்தான் வேண்டும். விட்டுவிட்டு எண்ணினால் கணக்கு வராது.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், இதில் உட்காருங்கள். புத்தகத்தைக் கொடுங்கள், பார்க்கிறேன். ஆமாம். 192ஆம் பக்கத்துக்கு அடுத்து 209 வருகிறது. பதின்மூன்றாம் பாரம் இல்லை.

பாரம் என்றால் உங்களுக்குத் தெரியாது இல்லையா? ஒரு பெரிய தாள். அதில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மூன்று மடிப்பு மடித்தால் ஒரு பாரம். உங்கள் புத்தகத்துக்குப் பதினான்கு பாரம். ஆயிரத்து நூறு புத்தகம் கட்டினோம். அதில் ஒன்றே ஒன்றுதான் குறை. அது உங்கள் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. பதிப்பகத்தில் உங்களை இங்கே அனுப்பியது சரிதான். நீங்கள் பாயிடம் போகாமல் நேரே மேஜைக்கு வந்தது அதைவிட நல்லது. அவருக்கு இது தெரியாது.

எனக்குப் பேச வராது, அம்மா. முப்பத்தெட்டு வருஷமாக இந்த மேஜையில் பேசியதைவிட எண்ணியதுதான் அதிகம். எட்டாவது பாதிவரை படித்தேன். ஆனால் பாரம் ஏன் இல்லை என்று கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் முழுப் புத்தகமாகப் படிக்கிறவர். நாங்கள் அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாரம். காலையில் எது கைக்கு வருகிறதோ அதுதான் அன்றைக்கு முழுவதும். தாளை விரித்தால் பாதிப் பக்கம் தலைகீழாகக் கிடக்கும். தலைகீழாகப் படிக்கவும் எங்களுக்கு வரும். கடைசி மடிப்புக்கு முன்னால் நடுப்பக்கம் இரண்டும் நேராக முகத்தைக் காட்டும். அதைத்தான் நன்றாகப் படிப்போம். ஒரே பக்கத்தை ஆயிரம் தடவைக்கு மேல். கதை என்னவென்று ஒருத்திக்கும் முழுதாகத் தெரியாது. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு, உனக்கு என்ன வந்தது, எனக்கு என்ன வந்தது என்று சேர்த்துப் பார்ப்போம்.

அந்த இருள்மாறனையும் அப்படித்தான் சேர்த்துப் பார்த்தோம். ஏரிக்கு அடியில் ஊர் வைத்திருக்கிறவன், சாபத்தால் ரத்தம் கறுத்துப்போனவன், நெசவுக்காரப் பெண் யாழினியைத் தூக்கிக்கொண்டு போனவன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உள்ளே வந்ததும் அவன் பேரைத்தான் சொன்னீர்கள். "கடைசியில அவ தனியா இருக்கா, அவன் எங்க போனான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரலை" என்று. நான் கவனித்தேன். அவள் என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கவில்லை. அவனைத்தான் கேட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான்.

அது இந்தப் புத்தகத்தை மடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள். முதல் நாள் ஜெயசீலிக்கு நாலாம் பாரம் வந்திருந்தது, அவன் யாழினியின் தறியைக் கொளுத்துகிற இடம். அதிலிருந்து அவளுக்கு அவன் பேரைக் கேட்டாலே ஆகாது.

"கொள்ளிக்கட்டையக் கையில புடிச்சிக்கினு 'நீ எனக்கு மட்டும்தான்'னு சொல்றான். இதுக்குப் பேரு லவ்வாம். தூ."

அம்சவேணிக்கு ஆறாம் பாரம். அவள் விடுவாளா? "உனக்கு நாலு வந்துச்சு, அதான் திட்டுற. ஆறுல வந்து பாரு. அவள ஏறெடுத்துப் பாத்த மூணு பேரையும் அங்கயே வெட்டிப் போட்டான். என்னை ஒருத்தன் பஸ்ல இடிச்சான்னு வூட்ல சொன்னேன். 'நீ ஏன் அந்த பஸ்ல ஏறுன'ன்னு கேட்டுட்டு டிவி சவுண்ட ஏத்திக்கினாரு எங்க வூட்டுக்காரு."

"அதுக்காக வெட்டணுமாடி?"

"வெட்ட வாணாம். எழுந்து நிக்கலாமில்ல?"

கோதண்டம் மிஷினை நிறுத்திவிட்டு, "ஏம்மா, நல்லவன் ஒருத்தன்கூடவா இல்ல அந்தக் கதையில?" என்று கேட்டான்.

"இருந்தான். வைத்தியர் பையன். மூணாம் பாரத்துலயே செத்துட்டான்" என்றாள் ஜெயசீலி.

"நல்லவன்னா மூணு பாரம்தான் தாங்குவான் போல."

எல்லோரும் சிரித்தோம். சுகந்தியும் சிரித்தாள். இடது கையைத் தூக்காமல் சிரித்தாள். முழங்கைக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.

சுகந்திக்கு இருபத்தாறு வயது. புருஷன் லோகு, கொரட்டூர் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். தோசைக் கரண்டியைக் காய்ச்சிக் கையில் வைத்துவிட்டான். ஏதோ போன் வந்ததாம், யாரென்று கேட்டானாம். அவள் சித்தி தேசம்மா வீட்டுக்கு வந்து அன்றைக்கு நாற்பத்தோராம் நாள். அந்த நாற்பத்தொரு நாளில் அவன் எங்கள் கடை வாசலுக்கு மூன்று தடவை வந்தான். ஒரு தடவை பூ. ஒரு தடவை பிஸ்கட். ஒரு தடவை வெறுங்கையோடு வந்து அழுதான். மூன்று தடவையும் இவள் வெளியே போகவில்லை. ஜெயசீலிதான் போய்த் திட்டி அனுப்பினாள்.

எனக்கு அன்றைக்கு வந்தது ஒன்பதாம் பாரம்.

உங்கள் புத்தகத்தில் அது இருக்கிறது. 136ஆம் பக்கத்தைத் திறங்கள். அவள் கை வெந்துபோய்க் கிடக்கிறாள். அவன் உள்ளே வருகிறான். அடிக்க வருகிறான் என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். அவன் மண்டியிடுகிறான். அந்த ஊரே நடுங்குகிற ஆள், இரண்டு உள்ளங்கையையும் குவித்து, ஏரித் தண்ணீர் சிந்தாமல் கொண்டுவந்து, அவள் கைமேல் விடுகிறான். விட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்கிறான். வலிக்கிறதா?

அச்சகத்திலிருந்து ஒன்பதாம் பாரம் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு தாள் வந்தது. கெடுவதற்கென்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாக அடிப்பார்கள். ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு தடவை அவன் மண்டியிட்டான். அத்தனை தடவையும் கேட்டான். காலையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்நூறு தாண்டியபோது, அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே என் கை மெதுவாகிவிட்டது. கையை வெந்துபோகச் செய்தவனே அவன்தான், அது எட்டாம் பாரத்தில் இருந்தது என்று அம்சவேணி பிறகு சொன்னாள். எட்டு எனக்கு வரவில்லையே, அம்மா. எனக்கு ஒன்பதுதான் வந்தது.

என் வீட்டுக்காரர் என்னை அடித்ததில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட. எல்லோரும் சொல்வார்கள், எத்திராஜம்மா புருஷன் தங்கம் என்று. ஆமாம். கட்டிங் மிஷின் பிளேடில் என் கட்டைவிரல் நுனி போன அன்றைக்குக்கூட அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தார், நான்தான் பரிமாறினேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன்? ஆமாம், சுகந்தி.

மத்தியானம் பின்பக்கக் குழாயில் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். "பெரிம்மா, இன்னிக்கு சாயங்காலம் வர்றேன்னு போன் பண்ணாரு. நீங்க சொல்லுங்க. போவட்டா, வாணாமா?"

"என்னை ஏண்டி கேக்குற?"

"ஜெயசீலிக்கா வாணாம்னுதான் சொல்லும். அம்சாக்கா எதுக்கும் சிரிக்கும். நீங்கதான் எதையும் எண்ணிப் பாத்து சொல்வீங்க."

 யாருக்காவது போ என்றோ வேண்டாம் என்றோ நான் சொன்னதே கிடையாது. உள்ளே போனேன். மடித்து வைத்ததிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது என்பது பாய் போட்ட சட்டம். அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை மீறினேன். குழாயடியில் உட்கார்ந்தபடியே படித்தாள். நான் டப்பாவை இரண்டாம் தடவை கழுவினேன். 136 வந்தபோது தெரிந்தது. கையைக் கொண்டுபோய் வாயை மூடிக்கொண்டாள்.

நான் போ என்று சொன்னேனா? சொல்லவில்லை. பதினாறு பக்கம் கொடுத்தேன். வாயைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை விட்டோம். லோகு எதிர்ச் சுவரோரம் நின்றான். பூ இல்லை, பிஸ்கட் இல்லை. ஜெயசீலி வாயைத் திறப்பதற்குள் சுகந்தி நேரே போய் அவன் முன்னால் நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். நான் நாலடி தள்ளி இருந்தேன், காதில் விழுந்தது.

"இன்னும் வலிக்குதா?"

அதே வார்த்தை, அம்மா. காலையிலிருந்து காகிதத்தில் கிடந்த வார்த்தை ஒரு ஆள் வாயில் வருகிறது. அவன் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் அந்த ஒரே வார்த்தைதானா?

சுகந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன் என்று ஜெயசீலி இன்றைக்கும் சொல்கிறாள். நான் ஆட்டவில்லை. செருப்பு மாட்டக் குனிந்தேன். குனிந்தால் தலை அசையத்தானே செய்யும்?

அவனோடு லாரியில் ஏறிப் போய்விட்டாள்.

நாலாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. இரண்டு பாரம்தான் பாக்கி. பதின்மூன்று எனக்கு வந்தது. அதில் அச்சகத்தில் மை பரவி நிறையக் கெட்டுவிட்டதாம். சரியாக ஆயிரத்து நூறு தாள். ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மடித்தேன்.

நீங்கள் கேட்க வந்தது இதுதான். சொல்கிறேன். அவன் மறுபடியும் உள்ளங்கையில் தண்ணீர் கொண்டுவருகிறான். மறுபடியும் கேட்கிறான். யாழினி முந்தானையை விரித்துக் காட்டுகிறாள். அதில் முடிச்சு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறாள். சொல்கிறாள்: "நீ தண்ணீர் கொண்டுவந்தது ஒன்பது தடவை. அந்த ஒன்பது தடவையும் நெருப்பு வைத்ததும் நீதான். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்." அவள் வாசலைத் தாண்டினால் அவன் கல்லாகிவிடுவான், அதுதான் சாபம். அவளுக்கும் தெரியும். தாண்டுகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் குவித்த கையோடு ஏரிக்கு அடியில் கல்லாக நிற்கிறான். கையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அங்கேதான் இருக்கிறான் உங்கள் இருள்மாறன். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இருந்தது என்ன, இருக்கிறது.

அந்தப் பாரத்தை மடித்து முடித்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சுகந்திக்கு நான் பாதியைத்தான் கொடுத்திருக்கிறேன். இதையும் கொடுத்துவிட வேண்டும். எதையும் குறையாகக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

ஐந்தாம் நாள் பாரங்களைச் சேர்த்தோம். பதினான்கு அடுக்கு மேஜையைச் சுற்றி இருக்கும். நடந்துகொண்டே அடுக்குக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்தால் ஒரு புத்தகம். நான் பதின்மூன்றிலிருந்து ஒன்றை முன்கூட்டியே எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். கடைசிப் புத்தகத்துக்குப் பதின்மூன்று இல்லாமல் போயிற்று. பாயிடம் "ஒன்று குறை, ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் தேறும்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல எனக்குக் கூச்சம். பேசாமல் கட்டோடு கட்டாக வைத்துவிட்டேன். உங்களுக்கு அந்தக் கூச்சம்தான் வந்து சேர்ந்தது. மன்னிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி கொரட்டூர் போனேன். லோகுதான் கதவைத் திறந்தான்.

"வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க."

உள்ளே போய், அவனே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். இரண்டு கையாலும் கொடுத்தான். சிந்தவில்லை. நான் குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

சமையலறைத் திரைக்குப் பக்கத்தில் சுகந்தி வந்து நின்றாள். "வாங்க பெரிம்மா" என்றாள்.  அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? அவன் நின்றுகொண்டே இருக்கிறான், சிரித்துக்கொண்டே இருக்கிறான், மரியாதையாக இருக்கிறான். அவன் வீடு. என் மடியில் பழுப்புக் கவரில் பாரம். அவன் அதையே பார்த்தான்.

"என்னம்மா அது?"

"சுகந்தி படிக்கிற கதையில ஒரு பகுதி, தம்பி. அவகிட்ட கொடுத்துடுங்க."

அவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்படிப் பார்க்காதீர்கள், அம்மா. ஜெயசீலியும் இப்படித்தான் பார்த்தாள். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவன் கை நீட்டினான். நீட்டின கையில் கொடுத்துதான் எனக்குப் பழக்கம்.

பன்னிரண்டு நாள் கழித்து தேசம்மா கடைக்கு வந்தாள். சுகந்தி விட்டுப்போன சோற்று டப்பாவை வாங்க வந்தவள், மேஜைக்கு எதிரே நின்று, "அந்தக் காயிதத்த யாரு குடுத்தது?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

அவன் சுகந்தியை எதிரே உட்காரவைத்து, பதினாறு பக்கத்தையும் சத்தமாகப் படித்தானாம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், ரொம்ப நேரம் ஆயிற்றாம். படித்து முடித்துவிட்டு, "நீயும் எண்ணுறியாடி?" என்று கேட்டானாம்.  அவள் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு விரல் மடங்காது. மடிப்பு வேலைக்கு அந்த இரண்டும்தான் வேண்டும்.

"அவன் வூட்டுக்கே போயி அவன்கிட்டயே குடுத்துட்டு வந்தியாமே, ஏம்மா?" என்றாள் தேசம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆறு மாதமாக நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மடிக்கிறபோது வேறு என்ன புத்தகமாக இருந்தாலும், கணக்குப் புத்தகமாக இருந்தாலும், கடைசி மடிப்புக்கு முன்னால் ஒருவன் மண்டியிடுகிறான். கையில் தண்ணீர் இருக்கிறது.

போன வியாழக்கிழமை தேசம்மா மறுபடியும் வந்தாள். சுகந்தி அவள் வீட்டில்தான் இருக்கிறாள். உடம்பு தேறிவிட்டது.

"ஒண்ணு கேட்டு வாங்கியாரச் சொன்னா" என்றாள். "மொத மொத ஒரு காயிதம் குடுத்தீங்களாமே. தண்ணி கொண்டாந்து குடுப்பானாமே ஒருத்தன். அத இவன் கிழிச்சிப் போட்டுட்டானாம். இன்னொண்ணு இருந்தா குடுங்க. அதையே கேட்டுக்கினு கெடக்குறா."

"லோகு?" என்று கேட்டேன்.

"பத்து நாளா போன் பண்றான். வெளிய போயி நின்னுக்கினு பேசுறா. என்னா பேசுறான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா. கை எப்படிக் கீதுன்னு கேக்குறான், அவ்ளோதான்றா."

 அந்தக் காகிதம் போனால் இவள் போவாள். சந்தேகமே இல்லை. சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி எனக்குள் இருந்தது. போகாதே என்று சொல், எத்திராஜம்மா சொன்னாள் என்று சொல், அன்றைக்கு நான் கொடுத்தது பாதிதான் என்று சொல், யாழினி வாசலைத் தாண்டிவிட்டாள் என்று சொல். இத்தனையும் இருந்தது. ஜெயசீலி தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை. எல்லாம் எடைக்குப் போயிடுச்சு."

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய்க் கணக்கு அது. தேசம்மா நம்பிவிட்டாள். நான் சொன்னால் யாரும் திருப்பி எண்ண மாட்டார்கள். அவள் போனதும் ஜெயசீலி ஒரு தாளை நகர்த்தி என் பக்கம் வைத்தாள். சரியாகச் செய்தாய் என்று சொல்கிற மாதிரி.

ஆனால் சுகந்தி போய்விட்டாளா, இருக்கிறாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. வியாழனிலிருந்து இன்றைக்கு ஐந்தாம் நாள். நீங்கள் உள்ளே வந்தபோது, வாசலில் பெண் குரல் கேட்டதும் தேசம்மாதான் என்று நினைத்தேன். அதனால்தான் எழுந்து நின்றேன்.

உங்களுக்குக் கொடுக்கப் பதின்மூன்று என்னிடம் இல்லை, அம்மா. அதில் மிச்சமே கிடையாது. சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதுதான் இருக்கிறது. வந்தது ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு. புத்தகத்துக்குப் போனது ஆயிரத்து நூறு. மடிப்பில் கிழிந்தது ஒன்று. சுகந்திக்குக் கொடுத்தது ஒன்று. மற்றதைக் கிழித்துப் போட வேண்டும் என்று வியாழக்கிழமையே எடுத்தேன். ஒன்றைத் திறந்தேன். திறந்தால் 136ஆம் பக்கம்தான் வரும், நான் மடித்தது அப்படி. அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். கிழிக்கக் கை வரவில்லை. திரும்ப அடுக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தினமும் மத்தியானம் திறந்து எண்ணுகிறேன். இன்றைக்கும் எண்ணினேன்.

அறுபத்திரண்டு.